கசியும் கம்ப்ரசர்கள்: விண்ணிலிருந்து தெரிவதும் தெரியாததும்

2016 ஜூன் 22. பழவேற்காடு ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டா தீவிலிருந்து காலை 9.26-க்கு பி.எஸ்.எல்.வி. சி-34 கிளம்பியது. ஒரே ராக்கெட்டில் 20 செயற்கைக்கோள்கள் என்பதுதான் அன்றைய செய்தி. சென்னை சத்தியபாமா பல்கலைக்கழக மாணவர்கள் செய்த ஒன்றரைக் கிலோ செயற்கைக்கோளும் அதில் போனது. அதனுடன் கனடாவின் ஜி.எச்.ஜி.சாட் நிறுவனம் கொடுத்தனுப்பிய 25 கிலோ பெட்டி ஒன்றும் பயணம் செய்தது. மைக்ரோவேவ் அடுப்பு அளவுதான் இருக்கும். செல்லப் பெயர் கிளேர். பூமியில் எந்த ஆலை, எந்தக் கிணறு எவ்வளவு மீத்தேன் வெளியே விடுகிறது என்று 500 கி.மீ. உயரத்திலிருந்து பார்த்துச் சொல்வது அதன் வேலை.

2019 ஜனவரியில் கிளேரின் பார்வை துர்க்மெனிஸ்தானின் மேற்குக் கோடியில், காஸ்பியன் கடல் பக்கத்துப் பாலைநிலத்தில் இருந்தது. அங்கே சேற்று எரிமலைகள் உண்டு. மண்ணுக்குள்ளிருந்து இயற்கையாகவே மீத்தேன் கொப்பளித்து வரும் இடங்கள். அதை அளந்து பார்க்கலாம் என்பது திட்டம். படம் வந்து சேர்ந்தபோது, எரிமலையை விட்டுச் சற்றுத் தள்ளி, யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து ஒரு மீத்தேன் மேகம் காற்று போன திசையில் நீண்டு கிடந்தது. எந்த இடம் என்று தேடினால், கோர்பெஜே எரிவாயு வயலின் கம்ப்ரசர் நிலையம். 1997 டிசம்பரில் ஈரானுக்கு எரிவாயு அனுப்பத் தொடங்கிய சுமார் 200 கி.மீ. குழாய்ப் பாதை புறப்படுவது இந்த வயலிலிருந்துதான்.

ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். மணிக்கு 10 டன் முதல் 43 டன் வரை. நம் வீட்டுச் சமையல் சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. அந்த எடைக் கணக்கில், மணிக்கு 700 சிலிண்டரிலிருந்து 3,000 சிலிண்டர் வரை திறந்துவிட்டதற்குச் சமம். ஐரோப்பியச் செயற்கைக்கோளில் உள்ள ட்ரோபோமி கருவியில் பதிவானதையும் சேர்த்துப் பார்த்ததில், 2018 பிப்ரவரி முதல் 2019 ஜனவரி வரை அந்த இடத்திலிருந்து போனது ஏறக்குறைய 1,42,000 டன் என்று தெரிந்தது. கலிஃபோர்னியாவில் 2015-16ல் அலிசோ கேனியன் சேமிப்புக் கிணறு உடைந்து நான்கு மாதம் கசிந்தபோது வெளியேறியது சுமார் 97,000 டன். அங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேறின, தொலைக்காட்சிகள் இரவும் பகலும் காட்டின. கோர்பெஜேயில் மூக்கைப் பொத்திக்கொள்ளக்கூட ஆளில்லை.

தூதரக வழியாகச் சொல்லி அனுப்பினார்கள். அந்த ஆண்டு ஏப்ரல், மே வாக்கில் மேகம் அப்போதைக்கு நின்றது.

இவ்வளவு பெரிய கசிவு அபூர்வம். ஆனால் கசிந்த இடம் அபூர்வமானதல்ல. எரிவாயு ஓடும் நாடுகளிலெல்லாம் கம்ப்ரசர் நிலையங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் இரவும் பகலும் ஏதோ ஒரு மூட்டிலிருந்து, ஏதோ ஒரு புகைபோக்கியிலிருந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏதாவது போய்க்கொண்டே இருக்கிறது.

அழுத்தினால்தான் ஓடும்

குழாயில் எரிவாயு தானாக ஓடாது. பின்னாலிருந்து யாராவது தள்ள வேண்டும். போகப் போகக் குழாயின் சுவரில் உரசி அழுத்தம் குறையும். அதனால் அமெரிக்காவில் நெடுந்தூரக் குழாய்களில் 65 முதல் 160 கி.மீ.க்கு ஒரு கம்ப்ரசர் நிலையம் வைத்து மறுபடி அழுத்தி அனுப்புகிறார்கள். அந்த நாட்டின் முதன்மைக் குழாய்ப் பாதைகள் மட்டும் ஏறக்குறைய 5 லட்சம் கி.மீ. நீளம். கிணறுகளிலிருந்து வாயுவைச் சேகரிக்கும் சிறு குழாய்களுக்குத் தனிக் கம்ப்ரசர்கள், சுத்திகரிப்பு ஆலைகளுக்குத் தனி, நிலத்தடிச் சேமிப்புக் கிடங்குகளுக்குத் தனி.

கம்ப்ரசரை ஓட்ட எஞ்சின் வேண்டும். எஞ்சினுக்கு எரிபொருள் வேண்டும். பக்கத்திலேயே குழாய் நிறைய எரிவாயு ஓடுகிறது, அதிலேயே கொஞ்சம் எடுத்து எரித்துக்கொள்கிறார்கள். ஆகவே ஒரு கம்ப்ரசர் நிலையத்திலிருந்து இரண்டு வகையில் காற்று கெடுகிறது. ஒன்று, எரியாத வாயு அப்படியே கசிவது. மற்றொன்று, எரித்த வாயுவின் புகை. முதலாவது பருவநிலையைக் கெடுக்கும். இரண்டாவது பக்கத்து ஊர்க்காரரின் நுரையீரலைக் கெடுக்கும்.

மீத்தேன் காற்றில் 12 ஆண்டுகள்தான் நிற்கும். ஆனால் நிற்கும் காலத்தில் மிக மோசமாகச் சூடேற்றும். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு டன் மீத்தேன், 80 டன் கார்பன் டை ஆக்சைடுக்கும் மேல். 100 ஆண்டுக் கணக்கில்கூடச் சுமார் 30 டன். எரிவாயு என்பது நிலக்கரியைவிடச் சுத்தமானது என்ற பெயர் எரித்த பிறகு வரும் புகையை வைத்து வந்தது. எரிப்பதற்கு முன்னாலேயே வழியில் சிந்திவிட்டால் அந்தப் பெயருக்கு அர்த்தமில்லாமல் போகிறது. 2018ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவில் எடுக்கப்படும் எரிவாயுவில் 2.3 சதவீதம் இப்படிச் சிந்துகிறது என்று சொன்னது. அரசாங்கக் கணக்கைவிட 60 சதவீதம் அதிகம்.

கிளாண்டில் சொட்டும் தண்ணீர்

கிணற்றுப் பம்புசெட் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கோளாறு நன்றாகத் தெரியும். சுழலும் தண்டு பம்பின் உடலுக்குள் நுழையும் இடத்தில் தண்ணீர் சொட்டும். மெக்கானிக் கிளாண்டைக் கழற்றி, கிராஃபைட் கயிறு சுற்றி, நட்டை முடுக்கிவிட்டுப் போவார். கொஞ்ச நாளில் கயிறு தேய்ந்து மறுபடி சொட்டும். அசையும் இரும்பும் அசையாத இரும்பும் சந்திக்கும் இடத்தை முழுசாக அடைக்க முடியாது. முழுக்க இறுக்கினால் தண்டு சூடேறிக் கெட்டுவிடும்.

பிஸ்டன் கம்ப்ரசரிலும் அதே கதை. பிஸ்டனைத் தாங்கும் ராடு, சிலிண்டருக்குள்ளும் வெளியிலுமாக நிமிடத்துக்குப் பல நூறு தடவை போய் வருகிறது. சிலிண்டருக்குள் காரின் டயரில் இருப்பதைப் போல 30, 40 மடங்கு அழுத்தம் இருக்கும். ராடு வெளியே வரும் வாயில் வரிசையாகச் சிறு கிண்ணங்கள், ஒவ்வொரு கிண்ணத்திலும் ராடைக் கவ்விக்கொண்டிருக்கும் வளையங்கள், அவற்றை இறுக்கிப் பிடிக்க மெல்லிய சுருள் வில். இந்தத் தொகுப்புக்குத்தான் ராடு பேக்கிங் என்று பெயர். வளையம் டெஃப்லானிலோ கார்பனிலோ வெண்கலத்திலோ செய்திருக்கும். ஒவ்வொரு கிண்ணத்திலும் வாயு கொஞ்சம் தடுக்கப்பட்டு, அழுத்தம் இழந்து, கடைசிக் கிண்ணத்தையும் தாண்டி வருவது ஒரு சிறு குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போய்விடும்.

புதிதாக, ஒழுங்காகப் பொருத்திய பேக்கிங்கில்கூட ஒரு சிலிண்டருக்கு மணிக்குச் சுமார் 325 லிட்டர் வாயு போகும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை (இபிஏ) சொல்லும் கணக்கு. வளையம் தேய்ந்து, ராடில் கீறல் விழுந்துவிட்டால் அதே இடத்தில் மணிக்கு 25,000 லிட்டர் வரை போனதாகவும் பதிவுண்டு. எஞ்சின் ஓடும் சத்தத்தில் அது காதில் விழாது. கண்ணுக்கும் தெரியாது. நம் சமையல் வாயுவில் நாற்றம் வருவது, கசிந்தால் தெரியட்டும் என்று வேண்டுமென்றே ஒரு மருந்து கலப்பதால். நெடுந்தூரக் குழாய்கள் பலவற்றில் அந்த மருந்தும் கிடையாது.

மாற்ற வேண்டிய வளையத் தொகுப்பின் விலை, எஞ்சினின் விலையோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசு. அப்புறம் ஏன் காலாகாலத்தில் மாற்றுவதில்லை? இங்கேதான் பணத்தின் கணக்கு குறுக்கே வருகிறது. அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் போகும் குழாய்களை நடத்தும் நிறுவனங்களுக்கு, அதில் ஓடும் வாயு பெரும்பாலும் சொந்தமில்லை. அவர்கள் வண்டிக்காரர்கள், சரக்கு வேறொருவருடையது. வழியில் எரித்ததும் காணாமல் போனதும் கட்டண விதியின்படி சரக்குக்காரர் தலையில் போய்விடும். கடைசியில் அடுப்பு மூட்டும் வீட்டுக்காரர் தலையில். வளையத்தை மாற்றும் செலவு மட்டும் வண்டிக்காரருடையது. நஷ்டம் ஒருவருக்கு, ஸ்பேனர் இன்னொருவர் கையில் என்றால் யார் குனிந்து நட்டைத் திருகுவார்கள்?

அதனால்தான் விதி வேண்டியிருந்தது. 2012ல் இபிஏ முதன்முதலாகக் கம்ப்ரசர்களுக்குத் தேசிய விதி போட்டது. சேகரிப்புக் குழாய்களிலும் சுத்திகரிப்பு ஆலைகளிலும் புதிதாக நிறுவும் பிஸ்டன் கம்ப்ரசர்களில், 26,000 மணி நேரம் ஓடியதும் அல்லது 36 மாதம் ஆனதும் பேக்கிங்கை மாற்றியாக வேண்டும். நல்ல விதிதான், ஆனால் முரட்டு விதி. சில பேக்கிங் மூன்றாண்டுக்கு அப்பாலும் நன்றாக இருக்கும், சில ஆறே மாதத்தில் பல்லிளித்துவிடும். காலண்டரைப் பார்த்து மாற்றினால் முதலாவது வீண், இரண்டாவது தப்பித்துக்கொள்கிறது. 2023 டிசம்பரில் துபாய் பருவநிலை மாநாட்டின்போது அறிவித்து, 2024 மார்ச்சில் வெளியான புதிய விதி இதை மாற்றியது. ஓடிய ஒவ்வொரு 8,760 மணி நேரத்துக்கும், அதாவது ஒரு முழு ஆண்டுக்கான மணி நேரத்துக்கு ஒரு தடவை, கசிவை அளக்க வேண்டும். ஒரு சிலிண்டருக்கு நிமிடத்துக்கு 2 கன அடி, நம் கணக்கில் 57 லிட்டர், அதைத் தாண்டினால் சரிசெய்ய வேண்டும். அந்த வரம்பிலேயே ஆண்டு முழுக்க ஓடினால்கூட ஒரு சிலிண்டரிலிருந்து 20 டன் போகும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பெரிய குழாய்களில் பிஸ்டனுக்குப் பதில் விசிறி போல் சுழலும் சென்ட்ரிஃப்யூகல் கம்ப்ரசர்கள் இருக்கும். அவற்றின் பழைய வகையில் தண்டைச் சுற்றி அடைப்பது எண்ணெய். உயர் அழுத்தத்தில் செலுத்தும் எண்ணெய் வாயுவை வெளியே விடாது. ஆனால் தானே வாயுவை உறிஞ்சிக்கொள்ளும், சோடாவில் வாயு கரைந்திருப்பது போல. எண்ணெயை மறுபடி பயன்படுத்துவதற்கு முன் அந்த வாயுவைப் பிரிக்க வேண்டும். பிரித்ததை ஊதிவிடுவதுதான் காலங்காலமான பழக்கம். நிமிடத்துக்கு ஆயிரம் லிட்டரிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேல்வரை இப்படிப் போனது. எண்ணெய் இல்லாத உலர் சீல் வந்தபோது கதை மாறியது. இரண்டு வட்டத் தட்டுகள், ஒன்று சுழலும், மற்றது நிற்கும். சுழலும் தட்டின் முகத்தில் நுண்ணிய வரிப்பள்ளங்கள். வேகம் பிடித்ததும் அந்தப் பள்ளங்கள் வாயுவை இழுத்து, தட்டுகளுக்கு நடுவே தலைமுடியைவிட மிக மெல்லிய ஒரு வாயுப் படலத்தை உண்டாக்கும். உரசலும் இல்லை, எண்ணெயும் இல்லை. கசிவு பழையதில் சிறு பங்காகச் சுருங்கிவிடும். பழைய இயந்திரத்தை மாற்ற முடியாதவர்களுக்கும் வழியிருக்கிறது. அலாஸ்காவின் ப்ரூடோ பே எண்ணெய் வயலில், எண்ணெயிலிருந்து பிரியும் வாயுவை ஊதிவிடாமல் பிடித்து, அதையே எரிபொருளாக்கினார்கள்.

இவற்றோடு, பராமரிப்புக்காக இயந்திரத்தை நிறுத்தும்போது உள்ளே அடைபட்ட வாயுவை மொத்தமாக ஊதிவிடும் பழக்கம் ஒன்று. அழுத்தத்தைக் குறைக்காமல் அப்படியே நிறுத்திவைத்தாலோ, பக்கத்து இயந்திரத்தின் உறிஞ்சு குழாயில் சேர்த்துவிட்டாலோ பெரும்பகுதி மிச்சமாகும். வால்வுகளைத் திறந்து மூட மின்சாரத்துக்குப் பதில் அழுத்த வாயுவையே பயன்படுத்தும் கருவிகள் இன்னொன்று. ஒவ்வோர் அசைவுக்கும் அவை கொஞ்சம் மீத்தேனைத் துப்பும். அங்கே காற்றை அழுத்தித் தரும் சாதாரண ஏர் கம்ப்ரசர் ஒன்றை வைத்தால் துப்புவது வெறும் காற்றாகிவிடும். எதுவும் புதுக் கண்டுபிடிப்பல்ல. எல்லாம் பட்டறையில் கிடைக்கும் சாமான்கள்.

பனி மூடிய ஊரில் புகைமூட்டம்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் பைன்டேல் என்று ஒரு சிற்றூர். கடல் மட்டத்திலிருந்து 7,000 அடிக்கு மேல், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு, இரண்டாயிரம் பேர். அந்தப் பக்கத்தில் காற்று கெடும் என்று சொன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். 2008 பிப்ரவரியில் ஊர்க்காரர்களுக்கு ஓசோன் எச்சரிக்கை வந்தது. குழந்தைகளையும் முதியவர்களையும் வெளியே விடாதீர்கள் என்றார்கள். 2011 மார்ச்சில் எட்டு மணி நேரச் சராசரி 100 கோடியில் 124 பங்கைத் தொட்டது. அப்போதைய வரம்பு 75. கோடை வெயிலில், லட்சக்கணக்கான கார்கள் ஓடும் லாஸ் ஏஞ்சலஸில் பார்க்க வேண்டிய எண் அது. இங்கே நடுக்குளிரில், பனி மூடிய புல்வெளியில்.

ஊரைச் சுற்றி ஜோனா, பைன்டேல் ஆன்டிக்ளைன் என்ற இரண்டு பெரும் எரிவாயு வயல்கள். துளையிடும் இயந்திரங்கள், நீர் நீக்கும் கலங்கள், கம்ப்ரசர் எஞ்சின்கள். எஞ்சினின் சூட்டில் காற்றில் உள்ள நைட்ரஜன் எரிந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாகும். வயலிலிருந்து ஹைட்ரோகார்பன் ஆவிகள் கசியும். இரண்டும் சூரிய ஒளியில் சேர்ந்தால் ஓசோன். குளிர்காலத்தில் பள்ளத்தாக்கின் மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோட்டது போல் உட்கார்ந்துவிடும், கீழே உள்ள புகை மேலே போகாது. தரையில் உள்ள பனி கண்ணாடி போல் வெயிலைத் திருப்பி அனுப்புவதால் ஒளி இரட்டிப்பாகிறது. 2009ல் ‘நேச்சர் ஜியோசயன்ஸ்’ இதழில் இந்த வேதியியலை விளக்கினார்கள். 2012ல் அந்தப் பள்ளத்தாக்கு, ஓசோன் தரத்தை எட்டாத பகுதி என்று அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது.

எஞ்சின் புகையை அடக்க இரண்டு பாதைகள் உண்டு. காற்றும் எரிபொருளும் சரிக்குச் சரி கலந்து எரிக்கும் எஞ்சின் என்றால், நம் பெட்ரோல் காரின் சைலன்சருக்கு முன்னால் இருக்கும் அதே மாதிரி கேட்டலிஸ்டைப் பெரிதாகச் செய்து மாட்டலாம். நைட்ரஜன் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஆவிகள் மூன்றையும் அது ஒருசேரக் குறைக்கும். ஆனால் கலவை சற்று பிசகினாலும் வேலை செய்யாது, சென்சாரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் நாள்தோறும் கவனிக்கப்பட வேண்டும்.

இன்னொரு பாதை, காற்றை நிறையச் சேர்த்து எரிப்பது. சூடு குறையும், நைட்ரஜன் ஆக்சைடும் தானாகக் குறையும், எரிபொருளும் மிச்சம். அதனால் அண்மைக் காலத்து எஞ்சின்களில் பல இந்த வகை. இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. கலவை நீர்த்துப்போனதால் சிலிண்டரின் ஓரங்களில் தீ போய்ச் சேருவதில்லை. எரியாத மீத்தேன் புகையோடு சேர்ந்து வெளியே போய்விடும். புகைக்குழாயில் ஆக்சிடேஷன் கேட்டலிஸ்ட் வைத்தால் கார்பன் மோனாக்சைடும், புற்றுநோய் தரும் ஃபார்மால்டிஹைடும் எரிந்துபோகும். மீத்தேன் மட்டும் அசையாது. ஹைட்ரோகார்பன்களிலேயே உடைக்கக் கடினமானது அதுதான், புகையின் சூடு அதற்குப் போதாது. சேகரிப்பு நிலையங்களில் நேரில் போய் அளந்தவர்கள், அங்கே வெளியாகும் மீத்தேனில் பெரும் பங்கு எந்த மூட்டிலிருந்தும் கசியாமல், எஞ்சினின் புகைக்குழாய் வழியாகவே போகிறது என்று கண்டார்கள். ஊர்க்காரரின் நுரையீரலுக்காகச் செய்த திருத்தம் பருவநிலையின் கணக்கில் கடனாக ஏறிய கதை இது. எஞ்சின் செய்பவர்கள் எரிகலத்தின் வடிவத்தை மாற்றி இந்தக் கடனை அடைக்க இப்போது முயல்கிறார்கள்.

இதற்கிடையில் 1940களிலும் 50களிலும் வார்த்த பிரம்மாண்டமான டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் அமெரிக்கக் குழாய்களில் இன்னும் ஓடுகின்றன. கட்டடம் போல் உயரம், மெதுவான ஓட்டம், அழியாத உடல். அவற்றின் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க 2023ல் இபிஏ மாநிலங்களுக்கிடையிலான மாசு விதி ஒன்றைப் போட்டது. 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது.

மின்சார மோட்டார் வைத்தால் என்ன?

நிலையத்தில் எரிப்பதே வேண்டாம், மின்சார மோட்டாரால் கம்ப்ரசரை ஓட்டலாமே என்ற கேள்வி ஒரு முறை நீதிமன்றம் வரை போய் ஒரு பெருந்திட்டத்தையே உலுக்கியது.

வர்ஜீனியா மாநிலத்தின் பக்கிங்ஹாம் வட்டாரத்தில் யூனியன் ஹில் என்ற கிராமம். உள்நாட்டுப் போருக்குப் பிறகு விடுதலை பெற்ற கறுப்பின அடிமைகள் நிலம் வாங்கிக் குடியேறிய இடம். அவர்களுடைய முன்னோர் உழைத்த பழைய தோட்டத்து நிலத்தில், அட்லாண்டிக் கோஸ்ட் குழாய்த் திட்டத்துக்காக 54,000 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள கம்ப்ரசர் நிலையம் அமைக்கத் திட்டமிட்டார்கள். எரிவாயு டர்பைன்கள் ஓட்டும் நிலையம். பக்கத்தில் இருப்பவர்கள் சிலர்தான், அதிலும் கறுப்பினத்தவர் அதிகமில்லை என்பது போல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துக் காட்டினார்கள். மானுடவியலாளர் ஒருவர் ஊர் மக்களோடு சேர்ந்து வீடு வீடாக ஏறி இறங்கினார். சுற்றுவட்டாரத்தில் வெள்ளையர் அல்லாதவர்கள் 83 சதவீதம் என்று வந்தது.

2019 ஜனவரி 8 அன்று மாநிலக் காற்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதி கொடுத்தது. நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் கருவி, ஆக்சிடேஷன் கேட்டலிஸ்ட் எல்லாம் உண்டு, இதைவிடக் கடுமையான அனுமதி இருக்க முடியாது என்றார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் முன்னாள் துணை அதிபர் அல் கோரும் போதகர் வில்லியம் பார்பரும் அந்தக் கிராமத்துக்கு வந்து மக்களோடு நின்றார்கள். 2020 ஜனவரி 7 அன்று, அனுமதி கிடைத்து ஓராண்டுக்கு ஒரு நாள் குறைவாக, நான்காம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இரண்டு குறைகளை நீதிபதிகள் சொன்னார்கள். ஒன்று, எரிவாயு டர்பைனுக்குப் பதில் மின்சாரத்தில் ஓட்ட முடியுமா என்று வாரியம் பரிசீலிக்கவே இல்லை. இரண்டு, இந்தப் புகை இந்த மக்களுக்கு மற்றவர்களைவிட அதிகத் தீங்கு செய்யுமா என்று பார்க்கவில்லை. மாசு தேசிய வரம்புக்குள் இருக்கிறது என்பது மட்டும் அந்த இரண்டாவது கேள்விக்குப் பதிலாகாது என்றார்கள். ஆறு மாதம் கழித்து, ஜூலை 5 அன்று, நிறுவனங்கள் திட்டத்தையே கைவிட்டன. வேறு வழக்குகளும் செலவும் அதற்குக் காரணமாக இருந்தன என்றாலும், யூனியன் ஹில் மக்களுக்கு அது அவர்களுடைய தீர்ப்பு.

மின்சார மோட்டார் எங்கும் பொருந்திவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் உறைந்தபோது மின்வெட்டு செய்தார்கள். எரிவாயு நிலையங்கள் பல, துண்டிக்கக் கூடாத இணைப்புகள் என்ற பட்டியலில் இல்லை. மின்சாரம் போனதால் எரிவாயு நின்றது, எரிவாயு நின்றதால் மின் நிலையங்கள் நின்றன. இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கம்ப்ரசரை மின்கம்பியில் மாட்டினால் அந்தக் கம்பிக்கு மருத்துவமனைக்குக் கொடுக்கும் காப்பு கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் மோட்டாரைக் குறை சொல்வது நியாயமில்லை.

அளப்பதா, வேண்டாமா?

அமெரிக்காவில் இந்த விதிகள் பட்ட பாடு தனிக் கதை. 2016ல் மீத்தேன் விதி நெடுந்தூரக் குழாய் நிலையங்களுக்கும் நீண்டது. 2020ல் அந்தப் பகுதி நீக்கப்பட்டது. 2021 ஜூனில் நாடாளுமன்றம் அந்த நீக்கத்தை நீக்கியது. 2022ல் வந்த சட்டம், வரம்பு மீறி வீணாகும் மீத்தேனுக்கு டன்னுக்கு 900 டாலரில் தொடங்கி 1,500 டாலர் வரை கட்டணம் விதித்தது. 2025 மார்ச்சில் கட்டணம் வசூலிக்கும் விதி ரத்தானது, ஜூலையில் கட்டணமே 2034க்குத் தள்ளிப்போனது. பேக்கிங் வளையத்துக்கு இந்த அரசியல் தெரியாது. அது தன் பாட்டுக்குத் தேய்கிறது. ஆனால் ஒரு நிலையத்துக்கு அளவுமானி வாங்கலாமா என்று முடிவெடுக்கும் மேலாளர், நாலாண்டுக்கு ஒரு முறை திசை மாறும் காற்றைப் பார்த்துப் பொறுத்திருக்கவே விரும்புவார். அதில்தான் உண்மையான இழப்பு.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த அதன் மீத்தேன் ஒழுங்குமுறை, கசிவைத் தேடுவதையும் சரிசெய்வதையும் கட்டாயமாக்கியதோடு, எரிவாயு விற்க வரும் வெளிநாட்டவரிடமும் அளந்த கணக்கைக் கேட்கிறது. வாங்குபவர் கேட்டால் விற்பவர் அளக்கத்தானே வேண்டும்.

2021ல் தொடங்கிய உலக மீத்தேன் உறுதிமொழியில் இந்தியா சேரவில்லை. ஆனால் கம்ப்ரசர்கள் இங்கே வேகமாகப் பெருகுகின்றன. எண்ணூரில் 2019ல் திறந்த திரவ எரிவாயு முனையத்திலிருந்து தூத்துக்குடி வரை குழாய்ப் பாதை. நாடு முழுக்க 7,000-ஐத் தாண்டிய சி.என்.ஜி. நிலையங்கள். சென்னையில் ஆட்டோக்காரர்கள் வரிசையில் நிற்கும் சி.என்.ஜி. பங்குக்குப் பின்னால், தடுப்புக்குள் ஓடிக்கொண்டிருப்பதும் ஒரு பிஸ்டன் கம்ப்ரசர்தான். வாயுவை 200, 250 பார் வரை அழுத்துகிறது. அதற்கும் ராடு உண்டு, பேக்கிங் உண்டு. வயோமிங்கிலும் வர்ஜீனியாவிலும் எழுந்த கேள்விகள் இந்தத் தடுப்புகளுக்கு வெளியிலும் நாளைக்கு எழும். பள்ளிக்கூடமும் குடியிருப்பும் நெருக்கியடித்து நிற்கும் ஊர்களில், நிலையம் அமைக்கும் நாளிலேயே அளவுமானியும் மாட்டிவிடுவது பின்னால் மாட்டுவதைவிட மலிவு.

கிளேருக்குப் பிறகு அதன் தங்கைகள் பலர் மேலே போயிருக்கிறார்கள். முன்பைவிட நுட்பமான கண்கள், மணிக்கு நூறு கிலோ அளவிலான கசிவைக்கூடப் பிடிக்கும் கண்கள். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் எடுத்த பழைய படங்களைத் தூசு தட்டிப் பார்த்தவர்களுக்குக் கோர்பெஜே நிலையத்தின் மேகம் 2015 ஆகஸ்ட் முதல் 2020 நவம்பர் வரை விட்டு விட்டுத் தெரிந்தது. 2023 டிசம்பரில் துர்க்மெனிஸ்தான் உலக மீத்தேன் உறுதிமொழியில் சேர்ந்தது.

ஆனால் நிமிடத்துக்கு 57 லிட்டர் கசியும் ஒரு பேக்கிங்கை எடைபோட்டால் மணிக்கு இரண்டரைக் கிலோவுக்கும் குறைவு. அதை எந்தச் செயற்கைக்கோளும் பார்க்காது. அதற்கு ஓர் ஆள் ஏணியில் ஏற வேண்டும். அகச்சிவப்புக் கேமராவின் சிறு திரையில், கறுப்பு வெள்ளைப் படத்தில், வென்ட் குழாயின் வாயில் வாயு கானல் போல் நெளிவதைப் பார்க்க வேண்டும். பிறகு அளவு தெரிந்த ஒரு பையைக் குழாயின் வாயில் மாட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டும். 85 லிட்டர் பை என்றால், புது பேக்கிங்கில் அது நிரம்பக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒன்றரை நிமிடத்துக்குள் நிரம்பினால் வளையத்தை மாற்ற வேண்டும். மிகவும் தேய்ந்துபோன பேக்கிங்கில் 12 விநாடி.